பிரேக் போட்டவன் பாவி

எங்கள் பெரியப்பாவின் அம்பாசடருக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் போட வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் நெட்டப்பாக்கத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊரான கரியமாணிக்கம் வருவார். கேரியரில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கவர் நோட்டுப் புத்தகம், கார்பன் தாள், ரசீதுக் கட்டு. திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பிப்பார். வண்டி எந்த வருஷத்து மாடல்? எத்தனை சி.சி.? இப்போது விற்றால் என்ன விலைக்குப் போகும்? போன வருஷம் கிளைம் ஏதாவது வாங்கினீர்களா? அவ்வளவுதான். பெரியப்பா எப்படி ஓட்டுவார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சைக்கிளை வாசலில் விடமாட்டார். எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய், கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் எட்டாத மூலையில் சாத்திவிட்டுத்தான் திண்ணை ஏறுவார். தெரிந்ததைத் தெரிந்தபடி சைக்கிளுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டார். பாலிசியில் எழுத அதற்கென்று கட்டம் இல்லை.

பெரியப்பாவின் ஓட்டும் முறைக்கு இலக்கணம் உண்டு. சாலை என்றால் அதன் நடுப்பகுதி. வளைவு வந்தால் பிரேக்கைத் தொடக் கூடாது, ஹாரனைத் தொட வேண்டும். வலது கை ஜன்னலுக்கு வெளியே வந்தால் அது திரும்புவதற்கான சைகையாகவும் இருக்கலாம், வெற்றிலைச் சாறு வெளியேறப் போவதாகவும் இருக்கலாம். எதிரே வருகிறவர்தான் தன் அறிவுக்கு எட்டியபடி முடிவு செய்துகொள்ள வேண்டும். அதே காலத்தில் ரைஸ்மில் முதலாளி ஒருவரிடம் ஃபியட் இருந்தது. அதை ஓட்டிய டிரைவர் அண்ணன் நெற்றி நிறையத் திருநீறோடு, ஸ்டியரிங்கைப் பத்துக்குப் பத்தாகப் பிடித்துக்கொண்டு போவார். ஏம்பலம் போவதற்குள் சைக்கிள்காரர்கள் அவரை முந்திவிட்டு, டீ குடித்துவிட்டு, மறுபடி முந்துவார்கள். இந்த இரண்டு பேருக்கும் வாத்தியார் போட்ட கணக்கு ஒன்றேதான். வண்டியின் விலையும் சி.சி.யும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் பிரீமியத்திலும் வித்தியாசம்.

இதில் வாத்தியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டிலிருந்த 107 பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டு, 1973 ஜனவரி 1 முதல் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்று நாலாகத் திரட்டிவிட்டது. நாலு கடையிலும் ஒரே விலைப்பட்டியல். அந்தப் பட்டியலைப் போட்டது டாரிஃப் அட்வைசரி கமிட்டி. அது பார்த்ததெல்லாம் இரும்பை மட்டும்: எவ்வளவு பெரிய இரும்பு, எவ்வளவு பழைய இரும்பு, எந்த ஊரில் பதிவான இரும்பு. 2002-இல் வந்த மோட்டார் டாரிஃபில் இந்தியாவை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், புனே என்ற எட்டு ஊர்கள் 'ஏ' மண்டலம். மிச்சமிருக்கிற தேசம் மொத்தமும் 'பி'. கரியமாணிக்கமும் 'பி', இமயமலை அடிவாரமும் 'பி'. தனியார் கார்களுக்கு இன்றும் அந்த 'ஏ', 'பி' பிரிவினை புழக்கத்தில் இருக்கிறது.

எங்கே பதிவானது என்று கேட்டுவிட்டு, வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்காமல் விடுவதில் ஒரு சுகம் இருந்தது. வரி குறைவு என்பதற்காக நம் புதுச்சேரியில் பதிவு செய்து, பி.ஒய்.01 என்று போர்டு மாட்டிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் வெளி மாநிலத்தில் ஓடிய விலையுயர்ந்த கார்கள் எத்தனையோ. 2017-இல் கேரளத் திரையுலகத்தார் சிலரின் கார்கள் அந்த வகையில் வம்பில் மாட்டின. புதுச்சேரிக் காற்றைச் சுவாசிக்காத புதுச்சேரிக் கார்கள். பெரியப்பாவின் வண்டி அந்த வகையில் யோக்கியமானது. அது பதிவான மண்ணை விட்டு அதிக தூரம் போனதில்லை, போகும் நிலையிலும் இல்லை.

ஓட்டுநரின் ஒழுக்கத்துக்கென்று அன்றைக்கும் ஒரு பரிசு இருந்தது. நோ கிளைம் போனஸ். இன்றைய விகிதப்படி முதல் வருஷம் கிளைம் இல்லையென்றால் 20 சதவீதம். அப்புறம் 25, 35, 45. ஐந்து வருஷம் கை நீட்டாமல் இருந்தால் 50 சதவீதம் கழிவு. கவனித்துப் பார்த்தால் இது இடிக்காதவனுக்குக் கொடுக்கிற பரிசு அல்ல, கேட்காதவனுக்குக் கொடுக்கிற பரிசு. பெரியப்பா கேட்கவே மாட்டார். மட்கார்டு நசுங்கினால் வில்லியனூரில் ஒரு டிங்கரிடம் போவார். அவர் மரச் சுத்தியலால் உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். பெயிண்ட் ஒருநாளும் பழைய நிறத்தோடு பொருந்தியதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த வெள்ளை அம்பாசடரில் ஐந்தாறு வகை வெள்ளை தெரியும். இன்சூரன்ஸ் ஏட்டிலோ அந்த வண்டி இடித்ததே இல்லை. அன்றைய கணக்கில் கிடைக்கக்கூடிய கழிவு முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டிருந்தார். திருநீற்று டிரைவர் அண்ணன் ஓட்டிய ஃபியட்டை, வில்லியனூர்த் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்ற இடத்திலேயே எவனோ இடித்துவிட்டுப் போய், முதலாளி கிளைம் வாங்கி, போனஸை இழந்தார்.

எலுமிச்சம்பழத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய், அமாவாசைக்கு எலுமிச்சை, ஊர் எல்லையில் ஐயனாருக்கு ஒரு சூடம். பெரியப்பாவைப் பொறுத்தவரை ஃபுல் இன்சூரன்ஸ் அதுதான். வாத்தியாரிடம் போட்டது போலீஸ்காரருக்குக் காட்ட.

போலீஸ்காரருக்குக் காட்ட வேண்டியது என்னவோ உண்மை. ஒரு காரால் மூன்றாம் மனிதருக்கு நேரும் கேட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும் என்று 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே சொல்லிவிட்டது; 1988-இல் வந்த புதிய சட்டமும் 146-ஆம் பிரிவில் அதையே திருப்பிச் சொல்கிறது. தேர்டு பார்ட்டி. நம் வண்டி என்ன ஆனாலும் சரி, நம்மால் அடிபட்டவனுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். மற்றது ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓ.டி.; நம் வண்டிக்கு நாம் விரும்பிப் போட்டுக்கொள்வது. இந்த இரண்டையும் ஒரே காகிதத்தில் அச்சடித்து ஒரே தொகையாக வாங்கிக்கொள்வதால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்று என்ற நினைப்பு. இரண்டும் வேறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெரியப்பாவைக் கண்காணிக்க ஆள் இல்லாமலும் இல்லை. ஏம்பலம் டீக்கடையில் பார்த்தவர், வழியில் வயலில் நின்றவர், கள்ளுக்கடைப் பக்கம் வண்டி நின்றதைக் கவனித்தவர் என்று தகவல் கைமாறி, கார் தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் ஆத்தாவின் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். "இன்னாடா, கொளத்து மேட்டுல அந்தப் பொண்ணு மேல மோதறாப்பல போனியாமே?" என்று சோறு போடுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். பெரியப்பா மறுக்க மாட்டார். மறுப்பதற்கு வழியில்லை; சாட்சிகள் பலபேர். ஆனால் காரணம் சொல்வார். மழை, எதிரே மாடு, அந்தப் பெண்ணே குறுக்கே வந்தது. ஆத்தா காரணத்தையும் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். சில சமயம் திட்டாமலும் விட்டிருக்கிறார்.

இப்போது என் மகனிடம் கார் இருக்கிறது. 1,200 சி.சி.க்குக் கொஞ்சம் குறைவான சிறிய கார். வாத்தியார் இல்லை, மஞ்சள் பை இல்லை, மோர் இல்லை. பாலிசியைக் கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் வாங்கினான். வாங்கும்போது ஒரு கூடுதல் வசதியையும் டிக் அடித்தான்.

"என்னாது அது?"

"நல்லா ஓட்டுனா பிரீமியத்துல குறைப்பாங்கப்பா."

"நல்லா ஓட்டுறது அவுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன் சொல்லும்."

அவன் சொன்னது சரிதான். 2007 ஜனவரியில் ஓ.டி. கட்டணத்தை டாரிஃபிலிருந்து விடுவித்தார்கள். கம்பெனிகள் தங்கள் விலையைத் தாங்களே போடலாம் என்றானது. பதினைந்து வருஷம் கழித்து, 2022 ஜூலையில், காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இன்னொரு கதவையும் திறந்தது. எவ்வளவு ஓட்டுகிறாயோ அவ்வளவு கட்டு என்பது ஒன்று. எப்படி ஓட்டுகிறாயோ அப்படிக் கட்டு என்பது இன்னொன்று. ஒருவர் பெயரில் உள்ள பல வண்டிகளுக்கு ஒரே பாலிசி என்பது மூன்றாவது. அதற்கு முன்னாலேயே, 2020 வாக்கில், சோதனை முயற்சியாக எடல்வைஸ் கம்பெனி 'ஸ்விட்ச்' என்று ஒரு பாலிசி கொண்டுவந்தது. வண்டி எடுக்கிற நாளில் ஆப்பில் சுவிட்சைப் போட வேண்டும், எடுக்காத நாளில் அணைத்துவிடலாம். அணைத்த நாளில் தீக்கும் திருட்டுக்கும் மட்டும் பாதுகாப்பு. 2022 அனுமதி வந்த சூட்டோடு கோ டிஜிட் வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்களுக்குக் கழிவு என்றது. 2023-இல் வாத்தியார் காலத்து நியூ இந்தியாவே கிலோமீட்டர் கணக்கு பாலிசியோடு வந்தது. எடல்வைஸ் தன் பெயரை ஸுனோ என்று மாற்றிக்கொண்டு, ஓட்டும் விதத்துக்கு மார்க் போடும் ஆப்பை இறக்கியது.

தூரத்தை அளப்பது எளிது. ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினால் தீர்ந்தது. விதத்தை அளப்பதில்தான் வித்தை. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டும் ஓட்டை ஒன்று இருக்கிறதல்லவா, அதில் கட்டைவிரல் அளவு கருவியைச் செருகி அளக்கலாம். புது வண்டிகளில் சிம் கார்டு உள்ளேயே இருந்தால் அதன் மூலம் அளக்கலாம். ஆனால் மிக மலிவான வழி, ஏற்கெனவே நம் சட்டைப்பையில் கிடக்கும் போன். அதற்குள் மயிரிழையினும் மெல்லிய கம்பிகளில் தொங்கும் ஒரு சிலிக்கான் துணுக்கு இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் முன்னால் சாய்வதைப் போல அந்தத் துணுக்கும் சாயும். எவ்வளவு சாய்ந்தது என்பதை மின்சாரக் கணக்காக மாற்றி நொடிக்குப் பல தடவை எழுதிக்கொள்கிறது. முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று திசைக்கும் தனித்தனி. ஜி.பி.எஸ். வேகத்தையும் இடத்தையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் சடாரென்று முடுக்கியது, சடாரென்று நிறுத்தியது, வளைவில் சாய்த்தது, அந்தச் சாலைக்கான வேகத்தை மீறியது, ஓடும்போது போனை எடுத்தது, நள்ளிரவில் ஓட்டியது எல்லாம் வந்துவிடும்.

எது 'சடார்'? அமெரிக்காவில் இந்தத் தொழிலை 1998-இலேயே டெக்சாஸில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த புரோகிரசிவ் கம்பெனியின் அளவுகோல் இது: ஒரு நொடியில் மணிக்கு ஏழு மைல், அதாவது நம் கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் குறைந்தால் அது முரட்டு பிரேக். ஆப்புக்கு ஆப்பு அளவு கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான். இதைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா நினைவுதான் வந்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த அவருடைய அம்பாசடருக்கு, இரண்டு தடவை பம்ப் அடித்து மிதித்தால்தான் நிற்க வேண்டும் என்ற எண்ணமே வரும். ஒரு நொடியில் 11 கிலோமீட்டர் குறைப்பது அதன் பிறவிக்கு மீறிய காரியம். வளைவில் ஹாரன் அடித்ததை அளக்க ஆப்பில் சென்சார் கிடையாது. பிரேக் பகுதியில் அவர் முழு மார்க் வாங்கியிருப்பார்.

என் மகன் வாங்கவில்லை. அவன் ஒழுங்காக ஓட்டுகிறவன், இதை அப்பன் என்ற முறையில் சொல்லவில்லை. கரியமாணிக்கத்திலிருந்து ஏம்பலம் வழியாக வில்லியனூர் போய், அங்கிருந்து புதுச்சேரிக்குள் நுழைவது அவன் அன்றாடம். தை மாதத்தில் அந்தப் பாதையைப் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல். நெல்லைக் காக்க ஓரத்தில் கருங்கல் வரிசை. இரவில் அந்தக் கல்லுக்குச் சிவப்பு விளக்கும் கிடையாது, வெள்ளைப் பூச்சும் கிடையாது. மிச்சமிருக்கும் பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தால் ஓரம் ஒடிக்காமல் என்ன செய்வது? ஒடித்தான். 'கடுமையான திருப்பம்' என்று எழுதிக்கொண்டது. அடுத்து ஊருக்கு ஊர் வேகத்தடை. விபத்து ஏதாவது நடந்த மறுநாள் ஊர் இளைஞர்கள் ஒரே இரவில் போட்டுவிடுவது. அது எந்த வரைபடத்திலும் இருக்காது. நேற்று இல்லாத இடத்தில் இன்று இருந்தால் பிரேக் போடாமல் என்ன செய்வது? போட்டான். 'கடுமையான பிரேக்'. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பந்து ஒன்று குறுக்கே உருண்டு வந்தது. பந்துக்குப் பின்னால் பிள்ளை வரும் என்பது வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரியும். பந்தைப் பார்த்ததுமே நிறுத்தினான். பிள்ளையும் வந்தது, எடுத்துக்கொண்டு ஓடியது. ஆப்பில் அன்றைக்குப் பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி, கீழே 'முன்னெச்சரிக்கையோடு ஓட்டுங்கள்' என்று அறிவுரை.

அதே பாதையில் அவனை முந்திக்கொண்டு, வேகத்தடையில் எகிறி, நெல்லின் மேலேயே ஏறிப் போகிறவனுக்குப் புள்ளி கிடையாது. அவன் பிரேக்கே போடவில்லையே.

காப்பீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை போட்ட பிரேக்கை வைத்து அவர்கள் முடிவு கட்டுவதில்லை. லட்சக்கணக்கான பேர் ஓட்டியதைக் கூட்டிப் பார்த்தால், அடிக்கடி முரட்டு பிரேக் போடுகிறவர்கள்தான் அதிகம் கிளைமுக்கு வருகிறார்கள். முன்வண்டிக்கு இடைவெளி விடாதவன், போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். மொத்தத்தில் கணக்கு சரி. ஏம்பலம் ரோட்டில் தை மாதத்தில் மட்டும் சரியில்லை. அகலச் சாலையில், கோடு போட்ட பாதையில், ஆடு மாடு குறுக்கே வராத நாட்டில் பிரேக் என்பது கவனக்குறைவின் அடையாளம். எங்கள் பக்கம் அது கவனத்தின் அடையாளம். சிலிக்கான் துணுக்குக்குத் தான் எந்த ஊரில் சாய்கிறோம் என்பது தெரியாது.

யாரோடு சாய்கிறோம் என்பதும் தெரியாது. ஒருநாள் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, வில்லியனூரிலிருந்து தனியார் டவுன் பஸ்ஸில் திரும்பினான். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கிடைக்கும் என்ற வெறியில் ஓட்டிய டிரைவர். வீடு வந்து பார்த்தால், அந்தப் பயணம் முழுவதும் என் மகன் கணக்கில். வேகம் சிவப்பு, பிரேக் சிவப்பு, முடுக்கம் சிவப்பு. 'நீங்கள் பயணியா?' என்று ஒரு பொத்தான் கீழே இருந்தது. அழுத்தியதும் எல்லாம் மறைந்துவிட்டது. பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி உடனே கேட்டாள்: "அப்ப தப்பா ஓட்டுன நாள்லயும் இதையே அழுத்தலாமே?" கம்பெனிக்காரர்கள் அதற்கும் ஏதாவது தடுப்பு வைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி எழ அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடுராத்திரியில் பிரசவ வலி. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அதற்குள் கிளம்பிவிடலாம் என்று மகன் காரை எடுத்தான். கோரிமேடு ஜிப்மருக்கு விரட்டினான். நள்ளிரவு 12-க்கு மேல் ஓட்டியதற்கு மார்க் குறைப்பு, வேகத்துக்குக் குறைப்பு, வழியில் அந்தப் பெண்ணின் கணவன் வீட்டுக்கு போன் போட இவன் போனை வாங்கித் திறந்ததற்குக் குறைப்பு. அவன் வாழ்க்கையிலேயே குறைந்த மார்க் வாங்கிய பயணம் அதுதான். ஆண் குழந்தை, மூன்று கிலோ. ஊரில் அவனுக்கு இன்றும் நல்ல பெயர். எங்கள் ஆத்தா இருந்திருந்தால் அன்றைக்குத் திட்டியிருக்க மாட்டார்.

மற்ற நாடுகளில் இந்த ஏற்பாடு எப்படி வளர்ந்தது என்பதும் கொஞ்சம் வேடிக்கைதான். ஐரோப்பாவில் பெண்கள் குறைவாக இடிக்கிறார்கள் என்று அவர்களுக்குக் கம்மியாக பிரீமியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது; 2012 டிசம்பர் முதல் அந்தச் சலுகை போயிற்று. ஆளைப் பார்த்து விலை போடக் கூடாதென்றால் ஓட்டுவதைப் பார்த்துப் போடுவோம் என்று கம்பெனிகள் கருவியைக் கையில் எடுக்க அதுவும் ஒரு தூண்டுதல். பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய இளவட்டங்கள் பலர் காரில் கருப்புப் பெட்டியோடுதான் அலைகிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு படி மேலே போனது. தன் கார்களிலிருந்து கிடைத்த ஓட்டும் விவரங்களைத் தரவு விற்கும் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அங்கிருந்து அது இன்சூரன்ஸ்காரர்கள் கைக்குப் போய், ஏன் என்றே தெரியாமல் சிலருக்கு பிரீமியம் ஏறியது. 2024-இல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கையில் இறங்கியது.

நம் நாட்டில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறது அது. என் மகனிடமும் கேட்டார்கள். பத்து விரற்கடை நீளத்துக்கு ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவன் கடைசியில் இருந்த பொத்தானை அழுத்தினான். ஏம்பலம் டீக்கடைக்காரரிடம் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் "உனக்கு என்னய்யா வந்துச்சு?" என்று அவர் சட்டையைப் பிடிக்க முடிந்தது. 1954-இல் மடுகரை வெங்கடசுப்பா ரெட்டியார் முன்னின்று நெட்டப்பாக்கத்தைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து விடுவித்த பூமி இது. யாரையும் ரொம்ப நாள் மேலே உட்காரவைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒரு ஐந்நூறு ரூபாய் கழிவு என்றதும் வழக்கம் தளர்ந்துவிட்டது.

கழிவு என்ன என்று பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலிசியைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். எனக்குத் திரையில் படித்தால் மனசில் நிற்காது. முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த இரண்டு பகுதியும் தனித்தனியாக அச்சாகியிருந்தது. ஒரு பக்கம் ஓ.டி. அதில் நோ கிளைம் போனஸ் கழித்து, ஓட்டிய விதத்துக்கான கழிவும் கழித்திருந்தது. மறு பக்கம் தேர்டு பார்ட்டி: 3,416 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள தனியார் கார்களுக்கு மத்திய அரசு நிர்ணயித்த தொகை. 1,000 சி.சி.க்குள் என்றால் 2,094. 1,500-க்கு மேல் 7,897. இதில் கழிவு இல்லை, போனஸ் இல்லை, ஸ்கோர் இல்லை. ஜிப்மருக்கு விரட்டியவனுக்கும் 3,416, நெல் மேல் ஏற்றியவனுக்கும் 3,416. பெரியப்பா காலத்து டாரிஃப் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாதியில் அது சௌக்கியமாக இருக்கிறது.

2022-இல் ஆணையம் அனுமதித்ததே ஓ.டி.க்கு மட்டும்தான். ஆக, போனும் செயற்கைக்கோளும் சிலிக்கான் துணுக்கும் சேர்ந்து இரவு பகலாகக் கண்விழித்துக் காப்பது என் மகனுடைய பம்பரை. பந்தை எடுக்க ஓடிவந்த பிள்ளைக்கான பணம் எந்தப் பகுதியிலிருந்து வருமோ, அந்தப் பகுதிக்கு அவன் எப்படி ஓட்டினாலும் ஒரே விலை. அதிலும் வண்டி பழசாகப் பழசாக அதன் மதிப்பு இறங்கும், மதிப்போடு ஓ.டி.யும் இறங்கும், ஐம்பது சதவீத போனசும் சேர்ந்துகொண்டால் சிறிய காருக்கு ஓ.டி. தேர்டு பார்ட்டிக்குக் கீழேயே போய்விடும். அதற்குப் பிறகு கண்காணிப்பு முழுவதும் அந்தச் சின்னத் தொகையில் ஒரு சின்னப் பங்குக்காக.

தப்பு செய்கிறவனிடம் கூட வாங்கலாம் என்று யாரும் யோசிக்காமல் இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு ஒன்று போக்குவரத்து விதிமீறலுக்குத் தனி பிரீமியம் என்று கொடுத்த அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பாக நிறுத்தினால் 10 புள்ளி. புள்ளி கூடக் கூட அடுத்த இன்சூரன்சில் பணம் கூடும். முதலில் டெல்லியில் தொடங்கிப் பார்க்கலாம் என்றார்கள். அப்படி ஒரு பணம் கட்டியதாக எங்கள் கொம்யூனில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஒருபுறம் இருக்க, நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்சே இல்லாதவை. பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். வண்டி வாங்கும்போதே காருக்கு மூன்று வருஷத்துக்கும் பைக்குக்கு ஐந்து வருஷத்துக்கும் தேர்டு பார்ட்டி சேர்த்துக் கட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆறாவது வருஷத்துக்கு யார் பொறுப்பு என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள்.

பாலிசியைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் மகனும் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை வந்து திண்ணையில் உட்கார்ந்தார். போன மாதம் செங்கல் லோடு ஏற்றிவந்த மினி லாரி ஒன்று அவருடைய ஆட்டை அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. வண்டி யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

"ஏந் தம்பி, நீங்க சொல்ற அந்த போனு, வேகமாப் போறவனப் புடிச்சுக் குடுக்குமா?"

"புடிச்சுக் குடுக்காது அத்தை. மார்க் போடும்."

"அந்த செங்கல் வண்டிக்காரனுக்கு எவ்ளோ போட்டுச்சு?"

மகன் என்னைப் பார்த்தான். "அவன் போட்டிருக்கறது தேர்டு பார்ட்டி மட்டுந்தான் அத்தை. அதுக்கு ஆப்பு கெடையாது."

அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"செரி, உன் போன்லயாவது எழுதி வைய்யி. ஆடு சினையா இருந்துச்சு."

அது கிடா என்பதை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.